மண் ஆணிச் சரிவில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

மேட்டை வெட்டி வீடும் வீதியும் எடுத்த இடங்களில் வெட்டுமுகம் நிற்குமா என்ற கவலை கச்சான் வீசும் மாதங்களில் யாருக்கும் வருவதில்லை. ஐப்பசியில் வாடை மழை இறங்கிய பிறகுதான் வரும். திருகோணமலைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதற்கு முன் மாதக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் அந்தத் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். மண் ஆணி போட்ட சரிவும் தன் குறையை அப்போதுதான் காட்டும்.

மண் ஆணி என்பது எளிய அமைப்பு. 100 மி.மீ. அளவில் ஒரு துளை, கிடைமட்டத்திலிருந்து 10 முதல் 20 பாகை கீழ்நோக்கி. உள்ளே 25 அல்லது 32 மி.மீ. முறுக்குக் கம்பி. துளை நிறையச் சீமெந்துக் கிறவுட், அதாவது சீமெந்தும் தண்ணீரும் கலந்த குழம்பு. வெளியே தலையில் இரும்புத் தகடும் நட்டும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஷொட்கிறீட் (குழாயால் பீச்சி அடிக்கும் கொங்கிறீட்) முகப்பு. ஆணிகளுக்கிடையே 1 முதல் 2 மீற்றர். நீளம் பெரும்பாலும் சுவர் உயரத்தின் 0.7 பங்கிலிருந்து ஒரு பங்கு வரை. நங்கூரக் கம்பியைப் போல இதை முன்கூட்டி இழுத்து இறுக்குவதில்லை. மண் சற்று அசைந்த பின்னர்தான் ஆணி இழுவையை ஏற்கத் தொடங்கும். ஆகவே சிறிய அசைவு கோளாறு ஆகாது. நிற்காமல் தொடரும் அசைவே கோளாறு.

விரிசலையோ உப்பலையோ கண்டதும் “இன்னும் பத்து ஆணி போடுவம்” என்று கிளம்பும் பழக்கம் பல தளங்களில் இருக்கிறது. அது காசையும் நேரத்தையும் தின்னும். பல வேளைகளில் நிலைமையை மோசமாக்கும். ஈரச் சரிவில் புதுத் துளை போடுவது என்றால் ஏற்கனவே தளர்ந்த மண்ணை இன்னும் குடைவது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரிந்த பிறகே ஆணிக்கணக்குக்கு வர வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்த வரிசைதான் கடைப்பிடிக்கப்படுகிறது.

அளந்து பார்க்க நேரமில்லாத நிலை

மேல்விளிம்பு விரிசல் மணிக்கு மணி கண்ணுக்குத் தெரிய அகல்கிறதா? முகப்பு நடுவில் வயிறு தள்ளுகிறதா? ஆணித் தகடு வளைகிறதா, ஷொட்கிறீட் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறதா? தெளிவாக வந்த கசிவு திடீரெனச் சேறாகிறதா, அல்லது மழை கொட்டிக்கொண்டிருக்கக் கசிவு மட்டும் நின்றுவிட்டதா? அடியில் நிலம் மேலெழும்புகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு ஆட்களை எடுங்கள். மேல்வீட்டுக்காரரும் வெளியேற வேண்டும். கீழே, சுவர் உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

திருகோணமலை மலைநாட்டைப் போல மண்சரிவு மாவட்டமாகப் பேசப்படுவதில்லை என்பதால் இங்கே எச்சரிக்கை வரும் என்று காத்திருக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் 24 மணித்தியால மழை அளவுகள் 75, 100, 150 மி.மீ. வெட்டிய மேட்டுக்குக் கீழே குடியிருப்பவர் இதையே தன் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தால் போதும்.

தளத்துக்கு எடுத்துப் போக வேண்டியவை

வரைபடம், துளையிட்ட பதிவு, கிறவுட் பதிவு, இழுப்புச் சோதனைத் தாள். இவை இல்லாமல் காரணம் பிடிப்பது பாதி ஊகம்தான். சிறு சுத்தியல், வேணியர் இடுக்கி, தூக்குக்குண்டு, டோர்ச், 6 மி.மீ. கம்பித் துண்டு ஒன்று, ஐந்து லீற்றர் வாளி, நேரம் பார்க்கக் கைப்பேசி. வேலை நடந்துகொண்டிருக்கும் தளமானால் ஒரு லீற்றர் அளவுக் குவளையும் ஒரு தராசும் கட்டாயம்.

அறிகுறி: ஷொட்கிறீட் ஈரமாக இருக்கிறது, கசிவுக் குழாய் காய்ந்திருக்கிறது

இதை அழகுக் குறை என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் மிகவும் அஞ்ச வேண்டிய அறிகுறி இதுதான்: சுவருக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது, வெளியேற வழி இல்லை. பின்னால் 2 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அடியில் அழுத்தம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். ஆணிகள் 1.5 மீற்றருக்கு 1.5 மீற்றர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றும் 2.25 சதுர மீற்றர் முகப்பைப் பிடிக்கிறது. அடி ஆணி மேல் 44 கிலோநியூட்டன் அளவில் புதிய சுமை ஏறிவிடும். வடிப்பு வேலை செய்யும் என்று நம்பிப் போட்ட கணக்கில் இந்தச் சுமைக்கு இடமே இல்லை. அதே வேளை மண்ணின் பிடியும் நனைந்து குறைகிறது. இழுவை கூட, பிடி தளரும்: இரண்டும் ஒன்றாக நடக்கும்.

முதலில் 6 மி.மீ. கம்பியைக் கசிவுக் குழாய்க்குள் மெல்லச் செலுத்துங்கள். முகப்பின் தடிப்பைக் கடந்து மெத்தென்ற துணியில் முட்டினால், முகப்புக்குப் பின்னே நீரை இறக்கும் வடிகால் பட்டையைக் குழாய் அடைகிறது. அதற்கு முன்பே ‘டங்’ என்று கல்லில் முட்டினால் ஷொட்கிறீட் அடிக்கும்போது குழாய் வாயை மூடிக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே கொங்கிறீட் அடைத்திருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் படிவோ வேரோ வந்தால் அது காலப்போக்கில் வந்த அடைப்பு; கம்பியாலும் நீர்த்தாரையாலும் எடுத்துவிடலாம்.

குழாய் திறந்திருந்தும் நீர் வரவில்லையென்றால் பட்டையையே சந்தேகிக்க வேண்டும். 300 முதல் 400 மி.மீ. அகலமான அந்த வடிகால் பட்டை ஆணி வரிசைகளுக்கு நடுவே மேலிருந்து அடிவரை தொடராக இறங்க வேண்டும். படிப்படியாக வெட்டி இறங்கும்போது மேல்படிப் பட்டையையும் கீழ்ப்படிப் பட்டையையும் மேலொன்று கீழொன்றாக ஒட்டாமல் விட்டால், படி மூட்டில் சீமெந்துப் பால் புகுந்து அடைத்துவிடும். துணிப் பக்கம் மண்ணைப் பார்க்காமல் முகப்பைப் பார்த்து ஒட்டிவிடுவதும் நடக்கிறது. எந்தப் படியில் ஈரம் தொடங்குகிறதோ அதற்கு அடுத்த மூட்டில்தான் பெரும்பாலும் துண்டிப்பு இருக்கும். அந்த இடத்தில், ஆணித் தலைகளிலிருந்து விலகி, 75 மி.மீ. துளை ஒன்று இட்டுப் பட்டையைத் தொட்டு, துணி சுற்றிய 50 மி.மீ. துளைக் குழாயைப் பொருத்துங்கள்.

நீர் ஆழத்திலிருந்து வருகிறதென்றால் பட்டை போதாது. வெளிநோக்கி வழியும்படி உள்ளே 5 முதல் 10 பாகை மேலேறும் நீண்ட வடிகுழாய்கள் வேண்டும். அவை ஆணியின் வால்முனையைத் தாண்டிப் போக வேண்டும். போட்ட பிறகு ஒவ்வொரு குழாயின் கீழும் வாளி வைத்து, எத்தனை நிமிடத்தில் எத்தனை லீற்றர் என்று எழுதிவையுங்கள். அடுத்த மாரியில் அதே மழைக்கு ஓட்டம் பாதியானால் குழாய் அடைபடுகிறது என்று அர்த்தம்.

ஈரம் ஆவணியிலும் இருக்கிறதா? கச்சான் காற்றில் நிலம் பொரிந்து கிடக்கும்போது சுவர் மட்டும் நனைந்திருந்தால் அது மழைநீர் அல்ல, மேல்வளவுத் தண்ணீர். இரவில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பார்த்துவைத்து, விடிய மீண்டும் பாருங்கள். மானி அசைந்திருந்தால் நிலத்தடிக் குழாய் ஒழுகுகிறது. அசையவில்லையென்றால் மலசலகூடக் குழி, குளியலறைக் கழிவுநீர், வாழைப் பாத்தி. உவர்மலை போன்ற மேட்டுக் குடியிருப்புகளில் ஒருவர் வளவின் ஊறல்குழி அடுத்தவர் வெட்டுமுகத்துக்கு நேர் மேலே வந்துவிடுவது இடநெருக்கடியால் ஏற்படுவது. குழியை இடம் மாற்றாமல் அந்தச் சுவரைத் திருத்த வழியில்லை. பேசிச் சம்மதிக்கவைப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

அறிகுறி: மேல்விளிம்புக்குப் பின்னே நீள விரிசல்

விரிசலின் இடம்தான் பாதிப் பதிலைச் சொல்கிறது. சுவர்முகத்திலிருந்து விரிசல் வரை நாடாவால் அளந்து, வரைபடத்தில் ஆணியின் வால் எங்கே முடிகிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

அரை மீற்றருக்குள் என்றால் முகப்புக்குப் பின்னால் நிரப்பிய மண் இருந்திருக்கலாம், அல்லது முதல் படியை உயரமாக வெட்டியபோது விளிம்பு தளர்ந்திருக்கலாம். ஆணி வாலுக்கு உட்பட்ட தூரத்தில் என்றால் ஆணிகள் நீள்கின்றன அல்லது வழுக்குகின்றன, பிடிப்பில் குறை. வாலுக்கும் அப்பால் என்றால், ஆணி போட்ட மண் முழுவதும் ஒரே கட்டியாக நகர்கிறது. அங்கே அதே நீளத்தில் இன்னும் நூறு ஆணி போட்டாலும் பயனில்லை, எல்லாம் அந்தக் கட்டியோடு சேர்ந்தே போகும்.

எவ்வளவு அசைவு வழமை? பயன்பாட்டில் உள்ள கணக்கு: சிதைந்த பாறையிலும் இறுகிய மண்ணிலும் உயரத்தின் ஆயிரத்தில் ஒன்று, மணற்பாங்கில் ஐந்நூறில் ஒன்று, களிப்பாங்கில் முந்நூற்று முப்பத்து மூன்றில் ஒன்று. 6 மீற்றர் சுவரின் தலையில் இவை முறையே 6, 12, 18 மி.மீ. இது வெட்டி இறங்கும் காலத்தில் வந்து, அடிப்படி முடிந்தபின் அடங்கிவிட வேண்டிய அசைவு. வேலை முடிந்து மாதங்களுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் 3 மி.மீ., வேலையின்போது வந்து நின்ற 10 மி.மீ.ஐ விடக் கவலைக்குரியது.

விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு கம்பி ஆணியை ஆழ அடித்து, தலைகளுக்கிடையே வேணியர் இடுக்கியால் தினமும் ஒரே நேரத்தில் அளந்துவாருங்கள். பக்கத்தில் அன்றைய மழையையும் எழுதுங்கள். மழையோடு கூடி, மழை விட்டதும் நின்றால் காரணம் நீர். வடிகால் திருத்தம் பெரும்பாலும் அதை அடக்கும். மழை விட்ட பிறகும் கூடிக்கொண்டே போனால் வடிவமைத்த பொறியியலாளரை அன்றே அழையுங்கள்.

அதுவரை செய்யக் கூடியவை சில. விளிம்பில் குவித்த மணல், கல், சீமெந்துக் கல் அடுக்கு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் அகற்றுங்கள். விரிசல் வாயைக் களிமண்ணால் அடைத்து, மேலே தறப்பாள் விரித்து, ஓரங்களை மணல் மூட்டையால் அமர்த்துங்கள். மேட்டிலிருந்து ஓடிவரும் நீரை விரிசலுக்கு மேற்பக்கமாகவே ஒரு கான் வெட்டித் திருப்புங்கள். கானின் அடிக்கும் தறப்பாள் போடுங்கள், இல்லாவிட்டால் கானே நீரை உள்ளே இறக்கும். அடியில் கருங்கல் குவித்துப் பாரம் கொடுக்கலாம், கசிவுக் குழாய்களை மறைக்காமல்.

விரிசலுக்குள் சீமெந்துப் பால் ஊற்ற வேண்டாம். ஊற்றும் நேரத்தில் அது தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும், தண்ணீரை விடப் பாரமாக. காய்ந்த பின் அசைவை மறைத்துவிடும். அடியில் கான் வெட்டுவதும் அந்த வாரத்தில் கூடாது.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படியான மழை வரும்போது தறப்பாள் வாங்கக் கடைக்கு ஓட முடியாது. மேட்டுக்கு வேண்டிய தறப்பாளும் மூட்டையும் ஒக்டோபருக்கு முன்னே தளத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: வெட்டிய முகம் ஷொட்கிறீட்டுக்கு முன்பே உதிர்கிறது

படியை 1 மீற்றராகக் குறையுங்கள். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகப் பகுதி பகுதியாக வெட்டுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் முகத்துக்கு முன்னே சாய்வாக மண்ணை விட்டுவைத்து, அதனூடாகவே துளையிட்டு ஆணி போட்ட பிறகு அந்த மண்ணை வெட்டி, உடனே 25 முதல் 50 மி.மீ. மெல்லிய ஷொட்கிறீட் பூச்சு கொடுக்கலாம். வெட்டிய முகம் ஒரு நாளாவது தாங்காத மண்ணில் மண் ஆணி முறையே பொருந்துமா என்று மறுபடி யோசிக்க வேண்டும். நிலாவெளி, உப்புவெளிக் கரையோர மணலில் விடை பெரும்பாலும் ‘இல்லை’.

அறிகுறி: துளை இடிந்து விழுகிறது, அல்லது பாறையில் முட்டி நிற்கிறது

துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்க்காமல் கம்பி இறக்காதீர்கள். கம்பி கடைசி மீற்றரில் ‘சர்க்’ என்று மண்ணில் ஏறினால் உள்ளே சரிந்திருக்கிறது. அதைத் தள்ளித் தள்ளி இறக்குவதால் ஆணி அளவு சரியாகிவிடாது. அந்த ஒரு மீற்றருக்குப் பிடிப்பு இல்லை. வெளியே எடுத்து, துளையைச் சுத்தமாக்கி மீண்டும் இறக்குங்கள். தொடர்ந்து இடிந்தால் உறைக்குழாயோடு துளையிட வேண்டும், அல்லது நுனியில் துளைமுனை பூட்டிய உட்துளைக் கம்பியைக் கிறவுட்டோடு சேர்த்தே இறக்க வேண்டும். பின்னையது வேகமானது, ஆனால் நெளிவுப் பிளாஸ்டிக் உறை பூட்ட முடியாததால் துருப் பாதுகாப்பு குறைவு. கடலோரத்தில் நிரந்தர வேலைக்கு நாம் அதை முதல் தெரிவாகச் சொல்ல மாட்டோம்.

சிதைந்த பாறை மண்ணில் தண்ணீர் அடித்துத் துளையிடுவது கெடுதல். துளைச் சுவரில் வழுவழுப்பான சேற்றுப் படலம் ஏறும். கிறவுட் மண்ணைப் பிடிக்காது. காற்றால் தூசியை எடுங்கள். துளையிட்ட அன்றே கம்பியும் கிறவுட்டும் போட்டு முடியுங்கள்.

8 மீற்றர் துளையில் 3 மீற்றரிலேயே பாறை வந்தால் கம்பியை வெட்டிக் குறைத்துவிடும் ஆசை வரும். இங்குள்ள மேடுகளில் மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் தனித்தனியே கிடப்பது வழமை. பாறைக்கான துளைமுனை பூட்டித் தொடருங்கள். சிறிது தூரத்தில் துளையிடும் வேகம் மீண்டும் கூடி வெளிவரும் தூசியின் நிறம் மாறினால் அது உருண்டை. தாண்டிப் போக வேண்டும். ஒரே வேகம், ஒரே தூசி, மீற்றர்க் கணக்கில் தொடர்ந்தால் தாய்ப்பாறை. அப்போது நீளத்தைக் குறைக்கலாமா என்பதை வடிவமைத்தவர் எழுத்தில் சொல்லட்டும். கோணேசர் மலை போன்ற முழுப்பாறைக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அங்கே பாறை போல்ட், வேறு கணக்கு.

அறிகுறி: கிறவுட் கணக்கு உதைக்கிறது

100 மி.மீ. துளை, 8 மீற்றர், 25 மி.மீ. கம்பி: நிரப்ப வேண்டிய கனவளவு சுமார் 59 லீற்றர். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 22.5 லீற்றர் தண்ணீர் சேர்த்தால் கிடைக்கும் கிறவுட் ஏறத்தாழ 38 லீற்றர். ஆகவே ஓர் ஆணிக்கு ஒன்றரைப் பை. சிந்துவதற்கும் துளை அகல்வதற்கும் சேர்த்து இரண்டு பை.

நாலைந்து பை குடித்தால் உள்ளே வெடிப்போ பொந்தோ பழைய குழியோ இருக்கிறது. தொடர்ந்து அடித்து நிரப்பப் பார்க்காமல் நிறுத்துங்கள். பக்கத்து வடிகால் பட்டை வழியாகவும் கசிவுக் குழாய் வழியாகவும் கிறவுட் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வடிகால் அடைபட்டுப் போனால் மேலே சொன்ன ஈரச் சுவர் அடுத்த மாரியில் நிச்சயம். சிறிது இறுக விட்டு, மணல் கலந்த கெட்டிக் கலவையால் இரண்டாம் முறை நிரப்பலாம்.

ஒரு பையில் நிரம்பிவிட்டதென்றால் அது மிச்சம் பிடித்த காசு அல்ல, உள்ளே காற்று. நிரப்புகுழாய் துளையின் அடியைத் தொட்டிருக்கவில்லை, அல்லது துளை நடுவில் சரிந்திருக்கிறது. வாயிலிருந்து ஊற்றி நிரப்பிய ஆணியை ஆணியாக எண்ணக் கூடாது. குழாயைக் கம்பியோடு கட்டி அடிவரை இறக்கி, அடியிலிருந்து நிரப்பி, குழாயின் நுனி எப்போதும் கிறவுட்டுக்குள் அமிழ்ந்திருக்க மெல்ல இழுக்க வேண்டும்.

கலவையின் தரத்தை அங்கேயே பிடிக்கலாம். ஒரு லீற்றர் குவளையை விளிம்புவரை கிறவுட்டால் நிரப்பி, வழித்து, நிறுங்கள். குவளையின் எடையைக் கழியுங்கள். 1.89 கிலோ வந்தால் நீர்–சீமெந்து விகிதம் 0.45. 1.83 என்றால் 0.5, அதுவே எல்லை. 1.74 என்றால் 0.6, யாரோ பம்பு இலகுவாக ஓடட்டும் என்று ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்றியிருக்கிறார். அந்தக் கலவையைத் துளைக்குள் விடாதீர்கள்.

அறிகுறி: இழுப்புச் சோதனையில் ஆணி நிற்கவில்லை

சோதனை ஆணியில் முன்பக்கம் ஒரு மீற்றராவது கிறவுட் பிடிக்காமல் விட்டு, பின்னால் அளந்த நீளத்துக்கு மட்டும் பிடிப்புக் கொடுக்கிறோம். பலி ஆணிகளை (சோதனைக்கென்றே போட்டு, சுவருக்குக் கணக்கில் எடுக்காதவை) வடிவமைப்புச் சுமையின் 2 மடங்குக்கும், வேலை ஆணிகளில் நூற்றுக்கு ஐந்தை 1.5 மடங்குக்கும் இழுப்பது அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் மண் ஆணிக் கையேட்டு வழக்கம். உச்சச் சுமையைப் பிடித்துவைத்து, 1ஆம் நிமிடத்துக்கும் 10ஆம் நிமிடத்துக்கும் இடையில் நகர்வு 1 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் 60 நிமிடம் வரை பிடித்து, 6ஆம் நிமிடத்திலிருந்து 60ஆம் நிமிடம் வரை 2 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோற்ற ஆணிக்கு முன் சோதனையையே சோதியுங்கள். நகர்வுமானி எதில் நிற்கிறது? ஆணியை இழுக்கும் ஜக் ஊன்றித் தள்ளுவது சுவரை. மானியின் கால் அதே சுவரில் ஊன்றியிருந்தால் சுவர் அமுங்குவதும் சேர்ந்தே பதிவாகும். தனித் தாங்கி வேண்டும். கிறவுட் எத்தனை நாள் வயது? மூன்று நாள் ஆகாத ஆணியை இழுத்தால் தெரிவது மண்ணின் பலவீனமல்ல, கிறவுட்டின் இளமை.

மறுபக்கமும் உண்டு: சந்தேகத்துக்கிடமான வெற்றி. 25 மி.மீ. கம்பியில் 1.5 மீற்றர் பிடிப்பில்லாத நீளம் இருந்தால் 100 கிலோநியூட்டனுக்கு அது மட்டும் 1.5 மி.மீ. நீள வேண்டும். மொத்த நகர்வு அதன் நூற்றுக்கு எண்பதுக்கும், அதாவது 1.2 மி.மீ.க்கும் குறைந்தால் முன்பக்கத்திலும் கிறவுட் பிடித்துவிட்டது. கிடைத்த வலிமை உண்மை வலிமையல்ல, அந்தச் சோதனை செல்லாது. கம்பியையும் மறக்காதீர்கள்: 500 தரக் கம்பி 25 மி.மீ.இல் 245 கிலோநியூட்டனில் இளகும், அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்கும். 220ஐத் தாண்டி இழுக்க வேண்டாம்.

உண்மையிலேயே வழுக்கியதென்றால் கணக்கு இப்படி. 3 மீற்றர் பிடிப்பு நீளம், 100 மி.மீ. துளை: தொடும் பரப்பு 0.94 சதுர மீற்றர். 55 கிலோநியூட்டனில் வழுக்கினால் பிடிப்பு வலிமை சுமார் 58 கிலோபாஸ்கல். வடிவமைப்பில் 100 என்று எடுத்திருந்தால் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்திருக்கிறது. ஏன் என்று அறிய அந்தப் பலி ஆணியை முழுவதுமாக வெளியே இழுத்து, கிறவுட் உருளையைக் கையால் தடவிப் பாருங்கள். கம்பி மட்டும் சுத்தமாக உருவி வந்தால் கிறவுட் பலவீனம். உருளை முழுசாக வந்து, மேலே மெழுகியதுபோல மெல்லிய சேற்றுப் படலம் இருந்தால் துளையிட்ட முறை பிழை. காற்றால் துளையிட்டு இன்னொன்றை இழுத்துப் பாருங்கள், எண் ஏறும். உருளையில் மண் அப்பிக்கொண்டு கரடுமுரடாக வந்தால் வேலையில் பிழையில்லை. மண்ணே அவ்வளவுதான், வடிவமைப்பு எண்ணைக் குறைக்க வேண்டும். அப்போது துளையை 150 மி.மீ. ஆக்கினால் தொடும் பரப்பு ஒன்றரை மடங்காகும். நீளத்தைக் கூட்டுவது, இடைவெளியைக் குறைப்பது மற்ற வழிகள். சோதனையைக் காய்ந்த புரட்டாதியில் மட்டும் செய்து மாரிக்கும் அதே எண்ணை நம்புவது ஆபத்து. ஈர நிலையின் பிடிப்பைக் குறைத்தே எடுக்க வேண்டும்.

அறிகுறி: ஷொட்கிறீட்டில் வெடிப்பு

வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். வலைபோல் மெல்லிய வெடிப்பு, அடித்த முதல் நாட்களிலேயே வந்தது என்றால் கச்சானும் வெயிலும் உறிஞ்சியதால். சுவரின் பலத்துக்குக் கேடில்லை, உப்புக்காற்று நுழைய மட்டும் வழி; பூசி அடைக்கவும். அடுத்த படியை விடியலில் அடித்து, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.

படி மூட்டில் கிடையாக ஓடும் வெடிப்பைச் சுத்தியலால் தட்டுங்கள். டொப் டொப் என்று வெற்றொலி வந்தால், தெறித்து விழுந்த துகள் மூட்டில் சிக்கியிருக்கிறது. தெறித்த துகளைக் கூட்டி மறுபடி கலவையில் போட்டாலும் இதே விளைவு. வெற்றொலி கேட்கும் பரப்பு முழுவதையும் கொத்தி எடுத்து மீண்டும் அடிக்க வேண்டும். நுனிக்குழாய் முகத்துக்குச் செங்குத்தாக, 1 முதல் 1.5 மீற்றர் தூரத்தில்.

ஆணித் தலையிலிருந்து நட்சத்திரமாகக் கிளைக்கும் வெடிப்பு வேறு சங்கதி. தலை முகப்பைத் துளைத்துப் போகப் பார்க்கிறது. தகடு முழுவதும் பதிந்திருக்கிறதா என்று ஓரங்களில் மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகிப் பாருங்கள். ஆணி சாய்ந்து வெளிவருவதால் சாய்வு வளையம் இல்லாமல் நட்டை இறுக்கினால் தகட்டின் ஒரு விளிம்பு மட்டும் எல்லாப் பாரத்தையும் வாங்கும். தகடு சரியாகப் பதிந்திருந்தும் பல தலைகளில் ஒன்றாக நட்சத்திரம் தோன்றினால் பின்னால் சுமை ஏறியிருக்கிறது. ஈரச் சுவர்ப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். நீரை வடித்த பிறகு, தலைக்குப் பின்னே குறுக்கும் நெடுக்குமாக மேலதிகக் கம்பி வைத்து, பெரிய தகட்டோடு மேற்படை ஷொட்கிறீட் கொடுக்கலாம்.

அறிகுறி: தலையைச் சுற்றிப் பழுப்புக் கறை

ஆணி துருப்பிடிப்பது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, வாயிலிருந்து அரை மீற்றருக்குள். கிறவுட் இறுகும்போது சற்று இறங்கும். சாய்ந்த துளையின் வாய்ப்புறத்தில், மேற்பாதியில், பிறை வடிவில் ஒரு வெற்றிடம் விடும். காற்றும் ஈரமும் உப்பும் சந்திப்பது சரியாக அங்கேதான். தகட்டின் ஓரத்தில் 10 மி.மீ. துளை ஒன்று போட்டு உள்ளே கம்பி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வெற்றிடத்தைச் சுருங்காத கிறவுட்டால் நிரப்பி, தலையைக் கொங்கிறீட்டால் மூடுங்கள். புது வேலையில், நிரப்பிய சில மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்து வாயை மேல்நிரப்பினால் இந்தக் கோளாறே வராது.

கரையோரக் கிணற்று நீர் உவர். அதில் கிறவுட் கலக்க வேண்டாம், குழாய் நீர் எடுங்கள். கழுவாத கடல் மணலும் அப்படியே. மண்ணில் குளோரைட்டு கிலோவுக்கு 100 மில்லிகிராம், சல்பேற்று 200 மில்லிகிராமைத் தாண்டினால் அது துருவைத் தூண்டும் மண். கறுப்புக் கம்பியும் கிறவுட்டும் மட்டும் போதாது. 85 மைக்ரோன் நாகப்பூச்சு, நிரந்தரச் சுவருக்கு நெளிவுப் பிளாஸ்டிக் உறையும் சேர்த்து. கம்பியைத் துளையின் நடுவில் பிடிக்கும் நடுநிறுத்திகள் 2 முதல் 2.5 மீற்றருக்கு ஒன்று, இரு முனைகளிலிருந்தும் அரை மீற்றரில் ஒன்று. இவை இல்லாத கம்பி துளையின் அடியில் படுத்து மண்ணைத் தொடும்.

ஆணி சேர்க்கத்தான் வேண்டும் என்று முடிவானால்

நீர் வடிந்து அசைவு அடங்கிய பிறகு, மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் செய்யுங்கள். பழைய ஆணிகளின் உண்மைச் சாய்வு வரைபடத்தோடு பொருந்தாமல் இருக்கலாம். தலைகளில் சாய்வை அளந்து, புதியவற்றை நான்கு பழைய தலைகளின் நடுவில், வேறு சாய்வில் பழையதை வெட்டாதபடி குறித்துக்கொள்ளுங்கள். வால்முனை விரிசலைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாளில் அடுத்தடுத்த இரண்டு துளை திறக்க வேண்டாம். ஒன்றை நிரப்பி இறுகிய பின் பக்கத்தது. வடிகால் பட்டை ஓடும் கோட்டைச் சுண்ணாம்பால் முகப்பில் வரைந்துவிட்டே துளையிடத் தொடங்குங்கள். புதிய ஆணிகளிலும் இழுப்புச் சோதனை உண்டு. விரிசல் ஆணிகளின் அளவீட்டை மாரி முடியும் வரை, தை கடைசி வரை, தினமும் தொடருங்கள்.